வஞ்சப் புகழ்ச்சிக்கு முழு மதிப்பெண்

நாற்பது வயதில் நான் மறுபடியும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் டீச்சராக இருந்தேன். இங்கிலீஷ் மீடியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம். தமிழ் மீடியத்துக்குப் பின்பக்கம் ஷீட் போட்ட இரண்டு அறை. அந்த இரண்டு அறைக்கும் இரண்டு ஆசிரியர்கள்: நானும், எல்லோரும் தமிழய்யா என்று கூப்பிடும் ஒருவரும். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பேச ஆரம்பித்தால் இருநூறு வயது மூத்தவர் மாதிரி இருக்கும்.

முழுப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் இரண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். கன்னடக்காரர்; 'நோடி', அதாவது 'பாருங்க', இல்லாமல் அவருக்குப் பேச்சு தொடங்காது.

"நோடி மிஸ், தமிழ் மீடியத்துல ஸ்ட்ரெங்த் வரவர கம்மி ஆகுது. மேனேஜ்மென்ட் கேட்டா நான் என்ன சொல்றது? இங்கிலீஷ் மீடியத்துல டீச்சர் வேணும். ஒரு டெஸ்ட் வெக்கிறோம். பாஸ் பண்ணா மேல மாடிக்கு வந்துடுங்க. இல்லன்னா அடுத்த வருஷம் கேரன்டி இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது. இந்த வேலை போனால் என்ன செய்வது என்று யோசிக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

ஆங்கிலத்தில் பேச வருமா, வகுப்பை நடத்த முடியுமா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. எங்கள் கையில் நாலு பக்க ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். சிமிலி, மெட்டஃபர் என்று தொடங்கி முப்பத்தாறு ஆங்கில அணிகளின் பெயர்கள். இது தெரிந்தவர் ஆங்கில ஆசிரியர், தெரியாதவர் இல்லை. ஒருவர் மேசையில் இருக்கும் சீசாக்களின் பெயரை ஒப்பித்தால் அவரை டாக்டர் என்று ஒத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. ஜெராக்ஸோடு ஒரு ஃபாரமும் வந்தது. டெஸ்ட் எழுதச் சம்மதம் என்று அர்த்தமாம். முழுசாகப் படிக்காமல் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டோம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் படிப்பு நடந்தது. தமிழய்யா முதல் நாளே ஜெராக்ஸை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"சிமிலின்னா உவமை அணி. மெட்டஃபர்னா உருவகம். ஹைபர்போலேன்னா உயர்வு நவிற்சி. இதுல புதுசா என்னம்மா இருக்கு? எல்லாம் நம்மகிட்டேருந்து எடுத்துட்டுப் போனது."

"எப்ப எடுத்துட்டுப் போனாங்க ஐயா?"

"அதெல்லாம் கப்பல்ல போயிருக்கும்."

அலிட்டரேஷன் வந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மோனைம்மா! இதுக்கு ஒரு டெஸ்ட்டா? மோனை இல்லாம நம்மாளு ஒருத்தன் மேடை ஏறி மைக்கப் பிடிச்சிருக்கானா?" சினெக்டகி என்ற சொல்லை மட்டும் அவரால் வாயில் நுழைக்க முடியவில்லை. அர்த்தம் சொன்னேன்: ஒரு பகுதியைச் சொல்லி முழுசைக் குறிப்பது. "தலைக்கு ரெண்டு இட்லிங்கிறோமே, அதுதானே? சினையாகுபெயர். இது அணியிலேயே வராது, வெறும் இலக்கணம்," என்று அதைப் பதவி இறக்கம் செய்துவிட்டார்.

அவரைச் சொல்லி என்ன, நானும் அதைத்தான் செய்தேன். முப்பத்தாறு பெயருக்கும் எதிரே பென்சிலால் தமிழ்ப் பெயர் எழுதினேன். ஒத்துவராததை இழுத்துப் பிடித்து ஒத்துவர வைத்தேன். பெர்சானிஃபிகேஷனைக் கொண்டுபோய்த் தற்குறிப்பேற்றத்தோடு கட்டிவைத்தேன். ஐரனிக்கு என்ன போடுவது என்று ஒரு வாரம் தவித்து, கடைசியில் வஞ்சப் புகழ்ச்சி என்று எழுதினேன். புகழ்வது போல இகழ்வது. நிம்மதியாக இருந்தது. அந்தத் தாளைச் சமையல்மேடைச் சுவரில் ஒட்டி, தாளிக்கும்போதும் ஒப்பித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்குச் சூனியம் வெக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டெஸ்ட் நாள் வந்தது. பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, சொந்தமாக ஒரு உதாரணமும் தரவேண்டும். தமிழாசிரியருக்கு அணி என்றாலே கை ஒரு வழியில்தான் போகும்: அணி விளக்கம், சான்று, அணிப் பொருத்தம். பக்கத்து பெஞ்சில் தமிழய்யா ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். நானும் மூன்று தலைப்பும் ஆங்கிலத்தில் போட்டு, கடைசியில் "ஆகவே இது இன்னது ஆயிற்று" என்று ஒவ்வொரு விடையையும் முடித்தேன். இங்கிலீஷ்காரர்கள் யாரும் எந்தக் காலத்திலும் அப்படி முடித்திருக்க மாட்டார்கள்.

எட்டாவது கேள்வி ஐரனி. விளக்கம் எழுதிவிட்டேன். சான்று வேண்டுமே. வஞ்சப் புகழ்ச்சிக்கு யாரையாவது புகழ வேண்டும். அந்த நேரத்தில் என் மனசில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். 'எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் தமிழ்ப் பிள்ளைகள்மேல் கொண்ட அன்பு பெரிது. அவர்கள் களைத்துவிடக் கூடாதே என்று விளையாட்டுச் சாமான்களை மேல்மாடியிலேயே வைத்துப் பூட்டியிருக்கிறார்.' இதை அழகான கையெழுத்தில் எழுதி, பொருத்தமும் காட்டினேன். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. திருத்தப்போவது ஹெட்மிஸ்ட்ரஸ்.

அடுத்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பூனைக்கு மணி கட்டுவதாக நினைத்து என் கழுத்திலேயே கட்டிக்கொண்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நாலாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசைமேல் என் தாள் இருந்தது. எட்டாவது கேள்விக்கு முழு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் 'நன்றி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"மிஸ், என்னைப் பத்தி இவ்ளோ நல்லா யாரும் எழுதினதில்ல. நீங்க ரெண்டு பேரும் பாஸ். ஜூன்லேருந்து மேல மாடி."

வெளியே வந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தமிழய்யாவிடம் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலை தப்பியது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுத்தோம். ஹெட்மிஸ்ட்ரஸை ஒரு முட்டாள் என்று நான் முழுசாக நம்பினேன்.

ஏப்ரலில் ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் இரண்டு பேரையும் மறுபடியும் கூப்பிட்டார். தமிழ் மீடியத்தில் இருக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் டி.சி. எழுதவேண்டும் என்றார். செக்ஷனை மூடுகிறார்களாம்.

"ஏன் மேடம்?" என்றேன்.

"டீச்சர் இல்லையே மிஸ்."

"நாங்க இருக்கோமே."

"நீங்க இப்ப இங்கிலீஷ் டீச்சர்ஸ். எழுதிக் கொடுத்திருக்கீங்களே." ஃபாரத்தை எடுத்துக் காட்டினார். டெஸ்ட்டில் தேறினால் தமிழ் மீடியத்திலிருந்து எங்களை விடுவிக்கும்படி நாங்களே கேட்டுக்கொண்டது போல அதில் எழுதியிருந்தது. "டீச்சர் இருக்கற வரைக்கும் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் செக்ஷனை மூட விடாது. இப்ப ஒண்ணும் பிராப்ளம் இல்ல."

அப்படியென்றால் நாங்கள் ஃபெயிலாகியிருந்தால் எங்கள் வேலையும் இருந்திருக்கும், அந்த இரண்டு அறையும் இருந்திருக்கும். எங்களைத் தேற வைக்கத்தான் அந்த டெஸ்ட்டே. என் தாளில் நான் என்ன எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண்தான் விழுந்திருக்கும். தமிழய்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டி.சி.யில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. எல்லாவற்றிலும் 'பெற்றோர் விருப்பப்படி' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வகுப்பாசிரியர் நான்தான், என் கைப்படத்தான் எழுதினேன்.

டி.சி. வாங்க முதலில் வந்தவள் கட்டட வேலைக்குப் போகும் ஒரு அம்மா. நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். மகள் என்னிடம் நாலு வருடம் படித்தவள்.

"நீங்க இங்கிலீஷ்ல பாஸாயிட்டீங்களாமே மிஸ்! எம்பொண்ணு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டி.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இங்க என்ன மிஸ் எழுதியிருக்கு?"

அவள் விரல் காரணக் கட்டத்தின்மேல் இருந்தது.

"அது எல்லாருக்கும் போடறதுதாம்மா," என்றேன். "கீழ கையெழுத்துப் போடுங்க."

"மிஸ் சொன்னா சரிதான்," என்று சொல்லி, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினாள்.