பிரேசில் பக்கம் பேசியதற்கு

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் மெஷின் ஆபரேட்டர். அப்போதெல்லாம் செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருவேன். இரண்டாயிரத்து ஆறில், கால்பந்து உலகக் கோப்பை நடந்த நாட்களில், அந்த பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிட்டது. வலது சீட்டெல்லாம் பிரேசில், இடது சீட்டெல்லாம் அர்ஜென்டினா. அர்ஜென்டினாவுக்குத் தலைவர் எங்கள் சூப்பர்வைசர். "பஸ்ல சாரெல்லாம் வேணாம்பா, அண்ணாத்தன்னே கூப்புடு" என்று அவரே சொல்லியிருந்தார். அதை நான் நம்பித் தொலைத்தேன்.

ஒருநாள் சிங்கபெருமாள்கோவில் நெரிசலில் பஸ் நின்றது. அவர் ஆரம்பித்தார்.

"பிரேசில்ல நாலு பேர் ஆடுவான், மீதி பேர் வேடிக்கை பாப்பான். எங்காளுங்க பதினோரு பேரும் பாஸ் பண்ணிகினே போவாங்க."

"பாஸ் அழகுதான் அண்ணாத்த. ஆனா நடுவுல பந்து குடுக்கிற ஆளை மடக்கிட்டா உங்க டீம் இன்னா பண்ணும்? பிரேசில்ல ஒருத்தனை மடக்குனா இன்னொருத்தன் கோல் போடுவான். எங்க ஓட்டை பின்னாடி கீது. ஓரத்துல ஆடுறவங்க மேல ஏறுனா திரும்பி வர மாட்டாங்க. அதை நானே சொல்லிட்டேன். உங்க ஓட்டையை நீங்க சொல்லுங்க" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது, அர்ஜென்டினா பக்கமும் சேர்ந்து. அவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் என் மெஷினிடம் வந்து, "அடுத்த வாரம் நீ செகண்ட் ஷிப்ட்" என்றார். அந்த வாரம் பிரேசில் ஆட்டம் இரவு எட்டரைக்கு; மதியம் தொடங்கும் செகண்ட் ஷிப்ட் முடிய இரவு பதினொன்று ஆகிவிடும். என் செகண்ட் ஷிப்ட் முறை அப்போதுதான் முடிந்திருந்தது.

"என் முறை இல்லியே அண்ணாத்த."

"இது பஸ் இல்ல, சார்னு சொல்லு. ஒருத்தன் போனா இன்னொருத்தன் ஆடுவான்னியே. நீ பாக்காட்டியும் ஆடுவாங்க, போ."

பக்கத்து மெஷின்காரன் காதிலும் அது விழுந்தது. அவன் குனிந்து தன் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான். ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போனதுகூடப் பரவாயில்லை. பேச்சில் ஜெயிக்க முடியாதவன் ஷிப்டைத் தூக்கி அடித்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதே வாரக் கடைசியில் இரண்டு டீமும் கால் இறுதியிலேயே தோற்று வெளியேறின. நான் திரும்பக் காலை பஸ்ஸில் ஏறியதும் அவர் சிரித்தபடி என் தோளில் கை போட்டார். "இன்னா மச்சான், நீயும் அவுட்டு, நானும் அவுட்டு."

கையை எடுத்துவிட்டேன். "ஆட்டத்துல சண்டைன்னா ஆட்டத்துலயே பேசணும் சார். ஷிப்ட்டுல பேசக் கூடாது."

அன்று சிரித்தவர்களெல்லாம் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என் பக்கத்துச் சீட்டு நண்பன் மட்டும், "வுடு மச்சான், வெறும் பந்துதான" என்றான். அவர் மேல் வந்ததைவிட அவன் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

மறுநாளிலிருந்து மின்சார ரயிலில் போனேன். அவர் வேறு பிரிவுக்கு மாறும்வரை வேலையைத் தவிர ஒரு வார்த்தை அவரோடு பேசவில்லை.