பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஓடி முடித்த கேசட்டை டேப்ரெக்கார்டரிலிருந்து எடுத்ததும் கையில் ஓர் இளஞ்சூடு தெரியும். அதை அப்படியே கன்னத்தில் வைத்துக்கொள்வது எனக்கு வழக்கம். பிளாஸ்டிக்கும் லேசான துருவும் பீரோவிலிருந்த பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை அதில் வரும். "கன்னத்துல தேய்க்காதடி, பாட்டு அழிஞ்சிடப் போவுது" என்று என் அத்தை விரட்டுவாள். கன்னத்தில் தேய்த்தால் பாட்டு அழியாது, வேறு விதமாகத்தான் அழியும் என்பதை அவளே பிறகு எங்களுக்குக் காட்டினாள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை சாந்தி அத்தை. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அத்தையை வளர்த்தது அப்பாதான். அவளுக்கு அப்போது தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. வீட்டில் டிவி வருவதற்கு முன்பே பர்மா பஜாரிலிருந்து ஒரு ‘டபுள் டெக்’ வந்துவிட்டது. இரண்டு கேசட் போடலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பதியலாம். அவசரமென்றால் வேகமாகவும் பதியலாம், அப்போது பாடகர்கள் எல்லோரும் அணில் குரலில் கீச்சிடுவார்கள். அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.

அப்பா ‘படக் கேசட்’ கட்சி. ஒரு படத்தின் பாட்டெல்லாம் வந்த வரிசையில், ஒன்றையும் தாண்டாமல் கேட்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. படம் வருவதற்கு முன்பே மாடவீதிக் கடையில் கேசட்டை வாங்கிவிடுவார். முதல் வாரத்தில் சப்பென்று இருந்த பாட்டு ஆறாவது மாதத்தில் குளிக்கும்போது தானாக வாயில் வரும், அப்படி வந்த பாட்டுதான் நிற்கும் என்பார். "அப்பளத்த மட்டும் தின்னுட்டு எலைய மூடிட்டா அது சாப்பாடா?" என்று கேட்பார். இதைக் கேட்காத விருந்தாளி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

அத்தை ‘செலக்‌ஷன்’ கட்சி. தி. நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்றுக் கேசட்டும் வேண்டிய பாட்டுகளும் சொல்லிவிட்டு வந்தால் மறுவாரம் வாங்கிக்கொள்ளலாம். "இன்னா பாட்டு வோணும்னு சொல்லும்மா, அல்லாம் கீது" என்பார் கடைக்காரர். இருக்கவும் இருக்கும். ஆனால் இடம் போதாவிட்டால் கடைசிப் பாட்டைச் சரணத்தின் நடுவில் வெட்டிவிடுவார், பாடகி மூச்சு இழுப்பதோடு கேசட் ‘டக்’கென்று நிற்கும். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. அத்தையின் கேசட்டுகளுக்கு அவர் வைத்த பெயர் ‘பொறுக்கல்’. அம்மா இன்னும் கொஞ்சம் நாகரிகமாக அதைக் ‘கதம்பம்’ என்பாள்.

அத்தை சும்மா இருப்பவள் அல்ல. "அந்தப் பாட்டு வந்தா தியேட்டரே எழுந்து டீ குடிக்கப் போவுது. வீட்ல மட்டும் நான் ஏன் கைய கட்டிக்கினு கேக்கணும்?" என்பாள். கடைகளில் தயாராக விற்கும் சோக ஹிட்ஸ், மழை ஹிட்ஸ் போன்றவற்றையும் அவள் மதித்ததில்லை. யாரோ பொறுக்கியதை நான் எதற்குக் கேட்கவேண்டும் என்பாள். துணி துவைக்க ஒரு கேசட், தலை காயவைக்க ஒன்று, ஆபீசில் திட்டு வாங்கிய நாளுக்கு ஒன்று என்று தனக்குத்தானே கட்டி வைத்திருந்தாள். எந்த இரண்டு பாட்டும் ஒரே படம் இல்லை, ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதைக் கேட்டால் அன்றைக்கு அவள் எந்த மனநிலையில் கட்டினாள் என்று எனக்கே புரியும். படக் கேசட் இசையமைத்தவருடையது, கதம்பம் கேட்பவருடையது என்று இப்போது பெரிய மனுஷியாகச் சொல்லத் தோன்றுகிறது. அப்போது நான் யார் பிஸ்கெட் வாங்கித் தருகிறார்களோ அவர்கள் கட்சி.

அத்தைக்கு நாக்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல வேலை, நல்ல குடும்பம், ஆனால் ரயிலில் ஏறினால் எப்போது போய்ச் சேருவோம் என்று அலுத்துப் போகும் தூரம். "அங்க தமிழ்ப் பாட்டே காதுல விழாதாம் அண்ணி" என்று அம்மாவிடம் அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். கட்டிய கேசட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டது போதாதென்று, மொத்தத்துக்கும் சேர்த்து உயிரான பாட்டுகளை மட்டும் வைத்துக் கடைசியாக ஒன்று கட்டிவிடத் துடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் நானும் சைதாப்பேட்டையில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். வீட்டில் அத்தை தனியாக இருந்தாள். வெற்றுக் கேசட் இல்லை, ஞாயிறென்பதால் கடையும் இல்லை. அப்பாவின் அடுக்கில் கை வைத்தாள்.

இங்கே இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்தக் காலத்துப் படக் கேசட் பலவற்றில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் இருக்கும். ஓடிய படத்தோடு ஓடாத படத்தை ஒட்டி விற்றுவிடுவார்கள். அட்டையில் ஓடிய படத்தின் கதாநாயகி முழுதாகச் சிரித்துக்கொண்டிருப்பாள், ஓடாத படத்தின் பெயர் அவள் முழங்கைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். யாரும் அழித்துப் பதிந்துவிடக் கூடாதென்று கடைக் கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தின்மேல் செலோ டேப்பை ஒட்டினால் டேப்ரெக்கார்டர் ஏமாந்துபோகும். இது அன்றைக்குச் சென்னையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த தில்லுமுல்லு.

அத்தை பொறுப்பாகத்தான் யோசித்தாள். ஏ பக்கம் வீடே பாடிக்கொண்டிருந்த படம், அதைத் தொடவில்லை. பி பக்கம் ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடிப்போன படம். அதை வீட்டில் யாரும் போட்டு அவள் கேட்டதே இல்லை. செலோ டேப்பை ஒட்டி, அதன்மேல் தன் உயிரான பாட்டுகளைப் பதிந்தாள். ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அடுக்கிலேயே திருப்பி வைத்தாள்.

அவள் கேட்டதில்லை என்பது உண்மைதான். ஏனென்றால் ஞாயிறு காலையில் அவள் தையல் கிளாசுக்குப் போய்விடுவாள். அவள் தலை மறைந்ததும் அப்பா அந்த பி பக்கத்தைச் சன்னமாக வைத்துக்கொண்டு வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போடுவார். நான் பக்கத்தில் இருந்தாலும் என்னை ஆளாகக் கணக்கில் சேர்க்கமாட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்கெல்லாம் முழுசாகக் கேள் என்று உபதேசம் செய்தவர், அந்தப் படத்தில் கதாநாயகனின் தகப்பன் பாடுவதாக வரும் கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போது மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார். அதன் ஆரம்பமே கொட்டாவி வரவழைக்கும்.

அடுத்த ஞாயிறு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு அப்பா கேசட்டைப் போட்டார். ஒரு குத்தாட்டப் பாட்டு குதித்துக்கொண்டு வந்தது. நிறுத்தினார், திருப்பிப் போட்டுப் பார்த்தார், வெளியே எடுத்தார். முதுகில் பளபளத்த செலோ டேப்பை விரலால் தடவினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாண வேலை அது பாட்டுக்கு நடந்தது. கையெட்டும் தூரத்தில் அவள் நிற்கும்போதே என்னைப் பார்த்து, "அத்தைய அளவு ரவிக்கை எடுத்து வெக்கச் சொல்லு பாப்பா" என்பார். அவளும் என்னைப் பார்த்து, "வெச்சாச்சுன்னு சொல்லு" என்பாள். எனக்கு முதல் இரண்டு நாள் குஷியாக இருந்தது. பிறகு யார் கூப்பிட்டாலும் காதில் விழாததுபோல மொட்டைமாடிக்கு ஓடிவிடுவேன்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. போயும் போயும் ஓடாத படத்துக்கா இந்தக் கோபம் என்று ஒரு நாள் சமையற்கட்டில் அம்மாவிடம் கேட்டாள். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "கல்யாணமான புதுசுல நானும் அவரும் தனியா போன மொதப் படம்டி அது. இந்த வீட்ல அப்போ ஏது தனியா பேச எடம்? எங்க போனாலும் நீ வேற நடுவுல வந்து உக்காந்துக்குவ. அன்னைக்கு உன்ன ஏமாத்தி விட்டுட்டுப் போனோம். தியேட்டர்ல ஈ, காக்கா இல்ல. படம் பூரா பேசிக்கினே இருந்தோம். கதை இன்னான்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. பாட்டு வந்தா மட்டும் வாய மூடிக்கினு கேட்டோம்."

அத்தை கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தாள். மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் கடை கடையாக ஏறினாள். அந்தக் கேசட் எங்கும் இல்லை. அவளுடைய ரெக்கார்டிங் கடைக்காரரே கையை விரித்தார். "அந்தப் படமா? அத்த எடுத்தவரே மறந்துகினு இருப்பாரும்மா" என்றார். அதை வந்து சொல்லும்போது அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

வடபழனிக் கோயிலில் கல்யாணம். தாத்தா இல்லாததால் அப்பாதான் அவள் கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். "ஊருக்காக கையப் புடிச்சிக் குடுப்பாரு அண்ணி. ஒரு வார்த்தை பேசாம குடுத்தா நான் எப்படி ரயிலேறுவேன்?" என்று அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்து கேட்டாள். எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது, அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு, அப்பா பட்டு வேட்டியை இஸ்திரி போட எடுத்தார். என்ன நினைத்தாரோ, அந்தக் கேசட்டை எடுத்து பி பக்கத்தைப் போட்டார். தையல் கிளாசை விட்டுவிட்ட அத்தை உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குத்தாட்டப் பாட்டு குதித்தது. அப்பா நிறுத்தவில்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. கேட்பதென்றால் முழுசாகக் கேட்பது என்ற தன் கொள்கைப்படியே, தன் சொத்தை அழித்த பொறுக்கலையும் ஒன்று விடாமல் கேட்டார். அம்மாவுக்குப் பிடித்த தாலாட்டு ஒன்று அதில் இருந்தது. நான் சின்னவளாக இருந்தபோது அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிய பாட்டும் இருந்தது. வேட்டி எப்போதோ தயாராகிவிட்டது, அவர் ஆறிப்போன பெட்டியை அதன்மேல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அத்தையின் பாட்டுகள் முடிந்தன. கொஞ்சம் இரைச்சல், ஒரு ‘டக்’. அதன் பிறகு, யாரும் எதிர்பாராமல், கிழட்டுக் குரல் ஒன்று ஒரு வரியின் நடுவிலிருந்து பாட ஆரம்பித்தது. பி பக்கத்தின் கடைசிப் பாட்டின் பின்பாதி. அத்தையின் பதிவு எட்டாமல், அழியாமல் தப்பித்து நின்றது அது ஒன்றுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அப்பாவே கேட்காத பாட்டு.

அம்மா கரண்டியோடு சமையற்கட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "இந்தப் பாட்டுக்குத்தானே என்ன இருட்டுல தனியா உக்கார வெச்சிட்டு நீங்க முறுக்கு வாங்கப் போனீங்க" என்றாள். "பாட்டு முடியறப்போதான் வந்தீங்க."

அப்பா அவளைப் பார்த்தார், டேப்ரெக்கார்டரைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பென்று தெரிந்தது. பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, "சாந்தி" என்று கூப்பிட்டார். அத்தை புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே ஓடி வந்தாள்.

"இத மட்டும் ஏன் விட்டு வெச்ச?"

"என்கிட்ட பாட்டு தீந்துபோச்சுண்ணா" என்றாள் அத்தை.

அப்பா கேசட்டை எடுத்து, முதுகிலிருந்த செலோ டேப்பை நகத்தால் உரித்துப் போட்டார். அந்தச் சூட்டோடு அதை அவள் கையில் வைத்தார். "இனிமே எதையும் அழிக்காத. ரெண்டு பக்கமும் கேளு" என்றார். கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அவர் பேசவில்லைதான். ஆனால் அவள் கையை விடச் சொல்லி ஐயர் இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது.

நாக்பூரில் அத்தை அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டாள். லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவருவாள். அவளுடைய உயிரான பாட்டுகள் முடிந்து ‘டக்’ என்று விழுந்ததும் நாங்கள் எல்லோரும் அந்தப் பின்பாதியை உரக்கப் பாடுவோம். அப்பாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். முதல் பாதி எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் அம்மா ஒருத்திதான், அவளை யாரும் கேட்டதில்லை.

இப்போது அத்தை அடையாறில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். தி. நகர் ரெக்கார்டிங் கடை இருந்த இடத்தில் ஃபோன் உறை விற்கிறார்கள். அந்தக் கேசட்டின் நாடா ஏதோ ஒரு வருஷம் சிக்கி அறுந்துபோயிற்று. அப்பாவும் இல்லை. இன்று என் மகனுக்கு எல்லாப் பாட்டும் கையில் இருக்கிறது, ஆனால் எந்தப் பாட்டும் எந்தப் பாட்டுக்கும் பக்கத்து வீடு இல்லை. அவனுக்கு அடுத்து என்ன கேட்கவேண்டும் என்பதை ஃபோன் தீர்மானிக்கிறது. இது அப்பா கட்சியும் இல்லை, அத்தை கட்சியும் இல்லை.

அந்த ஃபோனில்தான் போன மாதம் அவன் அந்த ஓடாத படத்தைத் தேடிப் பிடித்தான். பாட்டு ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது. அத்தை வீட்டுச் சோபாவில் அம்மாவை நடுவில் உட்காரவைத்துக் கேட்டோம். கடைசிப் பாட்டு வந்தது. முதல் பாதியை நாங்கள் அந்நியர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல வாய் திறக்காமல் கேட்டோம், அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. அந்த ‘டக்’ விழவேண்டிய இடம் வந்ததும் அத்தையும் நானும் ஒன்றாகப் பாட ஆரம்பித்துவிட்டோம். உரக்கத்தான் பாடினோம், ஆனால் மேலே ஒரு குரல் இல்லை.

பாட்டு முடியப் போகிறது. கண்ணை மூடியிருந்த அம்மா, தியேட்டர் இருட்டில் வரிசைக்குள் வரும் ஆளுக்கு வழி விடுவதுபோல, முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாள். ஃபோன் தானாக வேறு ஏதோ படத்துப் பாட்டுக்குத் தாவியது. அத்தை கையை நீட்டி அதை நிறுத்தினாள்.