சுவரை மோந்து பார்க்கிறவர்

கட்டிலை நகர்த்திவிட்டு மண்டியிட்டு, சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி மூக்கை நிறுத்தி, கண்களை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார் மூக்கர். "இங்கதான்," என்றார். எடுபிடியாகக் கூடப் போன எனக்குப் புதுப் பெயிண்ட் மட்டும்தான் தெரிந்தது. கத்தி முனையால் அதைச் சுரண்டினார். அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பூசணம். "பவுடர் போட்டு மறைச்சிருக்காங்க. என் மூக்கு ஏமாறுமா?"

தொழில் குழாய் வேலை. வயது ஐம்பத்திரண்டு. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய மனைவிக்கே யோசித்தால்தான் நினைவுக்கு வரும். டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒழுகும் குழாயைத் தட்டிக்கொடுத்து, "எங்கம்மா அழுவுற, சொல்லு," என்று விசாரிப்பார். கோபம் வந்தால் ஸ்பானரைத் தரையில் போடுவதோடு அது முடிந்துவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் கை கழுவும் தொட்டியைச் சரிசெய்யப் போனவர், நர்ஸ் புலம்பியதைக் கேட்டார். "இளைப்பு சரியாகி வீட்டுக்குப் போற பிள்ளைங்க பதினஞ்சு நாள்ல திரும்ப வந்து நிக்குதுங்க அண்ணே."

தொட்டிக்கு அடியில் படுத்தபடியே, "அந்த வீடுங்களை யாராவது போய்ப் பாத்தீங்களா?" என்றார். யாரும் பார்க்கவில்லை.

அப்படிச் சேர்ந்த கூட்டு இது. எந்தப் பிள்ளை அடிக்கடி லீவு போடுகிறது என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்வார். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று நர்ஸ் வீடு தேடிப் போய்க் கற்றுக்கொடுப்பார். மூக்கர் சுவரை மோந்து பார்ப்பார்.

கட்டிலை நகர்த்திய வீட்டில் இருந்தது ஏழு வயதுச் சிறுமி. ஆஸ்துமா. ஒரே வருடத்தில் நான்கு முறை மருத்துவமனைப் படுக்கை. அம்மா தையல் வேலைக்குப் போகிறவர். பூசணத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. "ஓனர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே. காலி பண்ணச் சொல்லிட்டா இவளைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

"நான் எதுவும் சொல்ல மாட்டேன்மா. சுவரே சொல்லும்."

மறுநாள் மூக்கரும் நர்ஸும் டீச்சரும் மாடியில் குடியிருக்கும் உரிமையாளரைப் பார்க்கப் போனார்கள். நானும் பின்னால் ஏறினேன். "ஈரத்துணியை உள்ள காயப்போட்டா சுவரு இப்படித்தான் ஆகும்," என்று அவர் வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார். மூக்கர் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவர் குளியலறையில் தண்ணீர் போகும் துளையில் நீலச் சாயம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். "வாங்க சார், கீழ போய் உக்காரலாம்."

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார்: நாற்பத்தொரு நாள் லீவு. உரிமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சிறுமியின் அம்மா கதவோரம் நின்று சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது கட்டிலுக்குப் பின்னால் ஒரு நீலப் பொட்டு தெரிந்தது. மெல்லக் கோடாகிக் கீழே இறங்கியது.

"உங்க வீட்டுத் தண்ணிதான் சார் இந்தப் பிள்ளை நெஞ்சுல ஊறுது," என்றார் மூக்கர், குரலை உயர்த்தாமல்.

உரிமையாளர் சுவரைத் தொட்டார். விரல் நீலமாயிற்று. அதைத் துடைக்காமலே, "எத்தனை நாள் வேலை?" என்றார்.

மூன்று வாரம். அதுவரை தாயும் மகளும் அத்தை வீட்டில் இருந்தார்கள். குழாய் மாறியது, சுவரை உரித்து, காயவிட்டு, புதிதாகப் பூசினார்கள். வேலை முடிந்த அன்று உரிமையாளர் தம்முடைய இன்னும் இரண்டு வாடகை வீடுகளுக்கு மூக்கரைத் தாமே அழைத்துப் போனார். "அங்கயும் கொஞ்சம் மோந்து பாத்துடுங்க."

சிறுமி தினமும் இன்ஹேலர் எடுக்கிறாள். ஆனால் ஆறு மாதமாக மருத்துவமனையில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

போன வாரம் பள்ளியில் விளையாட்டு விழா. நூறு மீட்டர் ஓட்டத்தில் எட்டுப் பேரில் மூன்றாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டியும் நிற்காமல் நேராக மூக்கரிடம் ஓடி வந்து, முதுகைத் திருப்பிக் காட்டினாள். "மூச்சுல விசில் வருதா பாருங்க மாமா."

குனிந்து அவள் முதுகில் ஒரு காதை வைத்தார். சுற்றிலும் ஒரே கூச்சல். மறு காதை விரலால் பொத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, மைதானத்தின் அந்தப் பக்கம் நின்ற நர்ஸைத் தேடிப் பிடித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.