அலையாத்திக் கன்று நட நான் மட்டும்

இன்று எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்திக் கன்று நட எங்கள் காலேஜ் குரூப்பையே கூப்பிட்டிருந்தேன். யாரும் வரவில்லை.

கன்றுகள் வெயிலில் வாடத் தொடங்கின. தனியாகச் சேற்றில் இறங்கினேன்.

அங்கே தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, ஒண்டியா கீறே? கூட யாரும் வர்லியா?"

"வந்துகினே கீறாங்கக்கா" என்று பொய் சொன்னேன்.

"அவங்க வர்றதுக்குள்ள தண்ணி ஏறிடும். குடு இப்டி."

இருவருமாக நட்டு முடித்தோம். அவர் மறுபடி இறால் தடவப் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் என் மேலிருந்த சேற்றைப் பார்த்து, பக்கத்து சீட்டில் யாருமே உட்காரவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த சீட்டுக்கு யார் வருகிறீர்கள்?