செக்கிங் அம்மாவின் சிவப்பு அம்பு

நான் தட்டச்சு செய்து கொடுத்த விண்ணப்பம் மறுநாள் காலையிலேயே என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. அதில் மூன்று சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். ஒன்று தேதியைக் காட்டியது, ஒன்று விடுபட்ட கதவு எண்ணை, இன்னொன்று நான் கோணலாகக் குத்திய முத்திரையை. எதிரே ஐம்பத்தாறு வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கழுத்தில் ஆயத்த ஆடைக் கம்பெனியின் அடையாள அட்டையோடு நின்றிருந்தார்.

"மூணு தப்பு இருக்கு தம்பி. எங்க கம்பெனியில இப்படி இருந்தா பெட்டிக்குள்ள போகாது."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரே என்னிடம் மனு எழுதி வாங்கிப் போகும். அப்படிப்பட்டவனின் தாளில் ஸ்டிக்கரா என்று சுருக்கென்றது. ஆனால் மூன்றுமே தப்புதான்.

ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்றுப் பிரிவில் எனக்கு எழுத்தர் வேலை. சிறுநீரகம் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் காகிதங்களையும் கட்டி அனுமதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்த அம்மாவுக்கோ இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை உள்வெளியாகப் புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, குறை உள்ள இடத்தில் அம்பு ஒட்ட வேண்டும். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் செக்கிங் அம்மாதான். ஸ்டிக்கர் அட்டை எப்போதும் பையில் இருக்கும். வீட்டிலும் கை சும்மா இருக்காது. சரியாகக் கழுவாத பாத்திரம், கோணலாக மடித்த போர்வை என்று ஒட்டிக்கொண்டே போவார். அத்தனை அம்பும் போய்த் தைப்பது ஒரே ஆளைத்தான், மருமகளை.

அந்த மருமகளுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு. கணவனுக்குச் சர்க்கரை நோய் என்பதால் டாக்டர்கள் அவனை விலக்கிவிட்டார்கள். அவளுடைய தாய் உயிரோடு இல்லை, தந்தைக்கு இதய நோய், அண்ணனின் ரத்தம் சேரவில்லை. எல்லாப் பரிசோதனையிலும் பொருந்தியது மாமியார்தான்.

மருத்துவம் சரி என்றது, சட்டம் குறுக்கே வந்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை ஆகியோர்தான் நெருங்கிய உறவு, அந்தப் பட்டியலில் மாமியார் இல்லை என்று படித்தவன் தோரணையில் விளக்கினேன். அவர் தையலைத் தடவுவதுபோல் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார்.

"எம் பிள்ளை அவளுக்கு நெருங்கின சொந்தம். நான் எம் பிள்ளைக்கு நெருங்கின சொந்தம். நடுவுல எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தையல் விட்டுப்போச்சா?"

பட்டியலுக்கு வெளியே உள்ளவரும் கொடுக்கலாம், ஆனால் பணத்துக்காக அல்ல, அன்பினால்தான் கொடுக்கிறார் என்று குழு நம்ப வேண்டும், அதற்குப் பழைய புகைப்படங்கள் வேண்டும், நேரில் விசாரணையும் உண்டு என்றேன். அந்த விதியையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. புதுச் சட்டை போட்டு, குடும்ப நண்பர் என்று அழைத்துவரப்பட்ட ஓர் ஏழையை இதே அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவரைக் காப்பாற்றப் போட்ட வேலி இந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, புகைப்படம் கேட்டேன். மகன் செய்தது காதல் கல்யாணம். கோபத்தில் இவர் கல்யாணத்துக்கே போகவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எடுத்த படங்களை எல்லாம் எடுத்தவர் இவரே, மற்றவர்கள் எடுத்தால் கோணலாக வருமாம். கைபேசியில் நானூறு படம் தள்ளிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஓரமாக அவருடைய கட்டைவிரல் தெரிந்தது.

"இது நான்தான். போதாதா?"

விசாரணை நாளுக்கு முன் கெஞ்சாத குறையாகச் சொன்னேன், மகள் மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள், போதும் என்று. தலையை ஆட்டினார். உள்ளே போனதும் குழுத் தலைவரான மூத்த டாக்டர், மருமகள் மேல் அன்பு உண்டா என்று கேட்டார்.

"அதெல்லாம் சொல்லத் தெரியாதுங்க ஐயா. அவ துவைச்சா சோப்பு நுரை போகாது. ஆனா அவ போயிட்டா பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? எம் பையனுக்குத் தண்ணிக் குழாயை மூடக்கூடத் தெரியாது."

அன்பின் பிணைப்புப் போதிய அளவில் நிறுவப்படவில்லை, மறுபடி சமர்ப்பிக்கவும் என்று கோப்பு திரும்பியது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த விசாரணைக்கு ஐந்து வாரம். ஐந்து வாரம் என்றால் பதினைந்து டயாலிசிஸ், ஏற்கெனவே மருமகளின் கை நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது.

வெளியே நடைபாதையில் மருமகள் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு பொய். அதுகூட உங்க வாயில வராதா அத்தை?"

"இல்லாததை இருக்குன்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் நான் சொல்றதை எவன் நம்புவான்?"

"அப்ப நான் சாகுறேன்."

"சாகுறதுன்னா வீட்டுலயே செத்திருக்கலாமே. எதுக்கு என்னை வரிசையில நிக்க வச்சே?"

பிறகு ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மருமகள் தண்ணீர் கேட்டாள். டயாலிசிஸில் இருப்பவருக்குத் தண்ணீர் அளவோடுதான், மாமியார் மருந்து மூடியில் அளந்து ஊற்றினார். இன்னும் ஒரு மூடி கேட்டதற்கு, இன்றைய அளவு முடிந்தது என்று பாட்டிலைப் பைக்குள் போட்டுவிட்டார்.

இரண்டாவது விசாரணையில் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கொடுக்கச் சொல்லி மாமியாரை யாராவது வற்புறுத்தினார்களா, நோய் எப்படித் தெரிந்தது என்று கேட்டார் தலைவர்.

"அத்தைதான் கண்டுபிடிச்சாங்க. காய் நறுக்கிட்டு இருந்தேன். வீங்கியிருந்த என் கணுக்கால்ல அம்பு ஒட்டிட்டாங்க. சட்டி பானை முடிஞ்சு இப்ப என் காலையும் கழிக்கிறீங்களான்னு சண்டை போட்டு நாலு நாள் பேசலை. அஞ்சாம் நாள் லீவு போட்டு என்னை இங்க இழுத்துட்டு வந்தாங்க. நான் வந்த பத்து வருஷத்துல அவங்க போட்ட முதல் லீவு அது. அதுல இருந்து ஒவ்வொரு ரத்த ரிப்போர்ட்லயும் எந்த எண் ஏறியிருக்கோ அங்க அம்பு ஒட்டித்தான் டாக்டர்கிட்ட காட்டுவாங்க. உங்க ஃபைல்ல பாருங்க."

தலைவர் கோப்பைப் புரட்டினார். ஓர் அம்பும் இல்லை. என் காது சுட்டது. இரண்டு வருட ரிப்போர்ட்டுகளிலும் சிவப்பாக ஒட்டிக் கிடந்ததை அசிங்கம் என்று நினைத்து, ஒவ்வொன்றாக உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு நகல் எடுத்தவன் நான்தான். கோப்பு சுத்தமாக இருக்கட்டுமே என்ற பெருமை.

மறைத்துப் பயனில்லை, சொல்லிவிட்டேன். தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அசல் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்தில் சாய்த்தபோது, உயர்ந்திருந்த எண்களுக்குப் பக்கத்தில் எல்லாம் பசைத் தடம் பளபளத்தது. அறுபத்தெட்டுத் தாள். அவர் பாதிவரை எண்ணிவிட்டு மூடினார். இந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்த டாக்டரை வரவழைத்து, அம்புகள் இருந்தது உண்மையா என்று கேட்டார். பிறகு அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் செக்கிங் அம்மா பையைத் திறந்தார். ஓர் அம்பை உரித்து என் சட்டைப் பையின் மேல் ஒட்டிவிட்டுப் போனார்.

அறுவை சிகிச்சை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. மருமகள் வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். செக்கிங் அம்மா அதே கம்பெனியில் இருக்கிறார். பெட்டி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், இப்போது உட்கார்ந்து பார்க்கும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள்.