மாரிமுத்து மகளுக்கு நாலு பேர்

பாக்கியம் போய்விட்டாள்.

கனடாவில், போன வாரம். தூக்கத்திலேயே போயிருக்கிறாள்... இன்று காலை சாயா குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மெசேஜ் வந்தது. அனுப்பியது ஜூடி, அங்கே அவளுடன் வேலை பார்த்த நர்ஸ்.

அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். அவள் கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. யார் தூக்கியிருப்பார்கள் அவளை?

இது என் கேள்வி இல்லை, அவளுடைய அப்பா மாரிமுத்துவின் கேள்வி. எழுபதுகளிலிருந்து என் வயிற்றில் கிடக்கிறது.

அப்போது எனக்கும் பாக்கியத்துக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி. மாரிமுத்து மாமா யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு பண்டகசாலையில் மூட்டை தூக்கினார். எங்கள் வார்டு ஜன்னலைத் திறந்தால் லோஷன் வாசனையெல்லாம் போய் மிளகு நெடிதான். தும்மாத நோயாளியே கிடையாது.

கனடாவுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் பாக்கியம் எழுதிப் போட்டாள். கிடைத்தும்விட்டது. வீட்டில் பூகம்பம். அம்மா இல்லாமல் மாமா ஒற்றை ஆளாக வளர்த்த பெண்...

"போற இடத்துல உனக்கு ஆரு இருக்கா? நாளைக்குச் செத்துக்கித்துப் போனா தூக்க நாலு பேரு வேண்டாமாடீ?" மாமா போட்ட சத்தம் பஜார் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நாலு பேரை அங்க போய்ச் சம்பாதிச்சுக்கறேம்ப்பா." அவ்வளவுதான் பதில். அவளுக்கு வாயும் ஜாஸ்தி, நெஞ்சழுத்தமும் ஜாஸ்தி.

வில்லிங்டன் தீவு ஏர்போர்ட்டுக்கு அவர் வரவில்லை. நான்தான் போனேன். நைலக்ஸ் சேலை, ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பொட்டலம் மிளகு.

அவள் போய்ச் சேர்ந்தது சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு குட்டி ஊர். சுற்றிலும் கோதுமை வயல், நடுவே ஒரு ரயில் பாதை, ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நம் பஜாரில் ஒரு சந்தில் இருக்கிற ஜனம்கூட மொத்த ஊரிலும் இல்லையாம்.

எண்பதுகளில் லீவில் வந்தபோது செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அந்த ஊரின் சரித்திரம்.

அந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு வழக்கமாம். பண்டிதர் யாரும் எழுதுவதில்லை, ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தானே எழுதிக் கொடுக்கும். முதலில் ஏர் பூட்டியவர், முதல் கடை வைத்தவர், டாக்டர், எல்லோரும் அதில் உண்டு. ஒண்டிக்கட்டை பாக்கியத்தையும் விடவில்லை... நீயும் ஒரு குடும்பம்தான், எழுது என்றிருக்கிறார்கள்.

அவள் பக்கத்தின் தலைப்பு 'மாரிமுத்து'. நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைப் போட்டதோடு சரி, அங்கே ஊருக்கே அவள் 'நர்ஸ் மாரிமுத்து'.

மாமாவுக்கு நான்தான் வாசித்து அர்த்தம் சொன்னேன். 'என் அப்பா கொச்சியில் இஞ்சி மூட்டை தூக்குகிறவர்' என்றுதான் ஆரம்பித்திருந்தாள்.

மாமா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அங்க எல்லாரும் என் பேரைச் சொல்லியா இவளைக் கூப்பிடுறாங்க?"

"எல்லாரும்தான் மாமா."

"பால்காரனுமா?"

"அங்க பால்காரனே கிடையாதுப்பா. கடைக்காரர் கூப்பிடுவார்" என்றாள் பாக்கியம்.

அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "குருமொளகு மூட்டையும் தூக்கியிருக்கேனே. அதை ஏண்டீ எழுதலை?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை ஏர்போர்ட்டுக்கு மாமாவும் வந்தார்.

ஆனால் அவள் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "தூக்க நாலு பேரு உண்டாவுமா மோளே?"

"உண்டாகும் மாமா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? அவர் மனசு ஆறட்டும் என்று சொன்னேன்... அவர் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இன்று ஜூடியின் மெசேஜுக்குக் கீழே ஒரு வீடியோ இருந்தது. திறக்கக் கை வரவில்லை. சாயா ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு திறந்தேன்.

ஒரே பனி. ஊர்ப் பொது மண்டபம். வாசலில் கார், கார், கார்... உள்ளே உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறார்கள்.

மேஜையில் சாண்ட்விச் தட்டுகள். பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரத்தில் மிளகு ரசம். அவள் சொல்லிக்கொடுத்ததாம். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பேப்பர் கப்பில் குடித்துவிட்டு இருமுகிறார், மறுபடியும் கப்பை நீட்டுகிறார்!

அப்புறம் அவளை வெளியே கொண்டுவருகிறார்கள். பக்கத்துக்கு மூன்று பேர். இரண்டு பெண்கள், நாலு ஆண்கள். பனியில் வழுக்காமல், மெதுவாக, பத்திரமாக...

கீழே ஜூடி எழுதியிருந்தாள். 'தூக்குகிற எல்லோரும் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாரிமுத்துவின் கையில் பிறந்தவர்கள்.'

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அது வேறு அழுகை.

போய் வா பாக்கியம். அங்கே அப்பாவைப் பார்த்தால் முதலில் இதைச் சொல்லு... நாலு இல்லைப்பா, ஆறு பேர்.