ரோஜா போட்ட மூடி

எங்கள் ஊரில் துருப்பிடித்த சாமான் எதைக் காட்டினாலும் "வெள்ளைக்காரன் காலத்தது" என்று சொல்லிவிடுவார்கள். தங்கச் சுரங்கத்தை வெள்ளைக்காரன் நடத்திய ஊர் என்பதால் வந்த தைரியம் அது. போன வருஷம் ஒருவர் கொண்டுவந்த வெள்ளைக்காரன் காலத்து டீத்தூள் டப்பாவில், எழுபத்திரண்டில்தான் வந்த ஆறு இலக்கப் பின்கோடு இருந்தது. எடுத்துக்கொண்டு போங்க என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் எங்களுக்கு மளிகைக் கடை. பழைய விளம்பர டப்பாக்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது. கடுகு, சீரகம் வாங்க வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் டப்பாவில் ஒரு நல்ல படம் இருந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வியாபாரம் ஓடாது. புது எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொடுத்துப் பழசை வாங்கிக்கொள்வேன். "இவளுக்குக் கிறுக்கு" என்று என் கணவர் முதலில் சொன்னார். இப்போது டப்பா அடுக்க அலமாரியும் செய்து கொடுத்துவிட்டு அதையேதான் சொல்கிறார்.

டப்பாவின் வயதைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ருசி. முகவரியில் மைசூர் மாநிலம் என்று இருக்கிறதா, கர்நாடகா என்று இருக்கிறதா, எடையைப் பவுண்டில் போட்டிருக்கிறானா, கிராமில் போட்டிருக்கிறானா என்று பார்ப்பேன். பவுண்டு மட்டும் இருந்தால் ஏறக்குறைய அறுபதாம் வருஷத்துக்கு முந்தையது. கிராம் மட்டும் இருந்தால் பிந்தையது. கண்டுபிடித்ததும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் அடியில் ஒட்டிவிடுவேன். தப்பான வருஷத்தோடு ஒரு டப்பா வீட்டில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

இந்தப் பெருமை ஊரில் பரவித்தான் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலிலிருந்து ஒரு அக்கா வந்தார். மாதச் சாமான் எங்களிடம் வாங்குகிறவர். பையிலிருந்து ஒரு வட்டத் தகர மூடியை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே சிவப்பு ரோஜாக்கள், சாயம் கொஞ்சமும் போகவில்லை. டப்பா எங்கே என்று கேட்டேன். அதில் துவரம்பருப்பு நிறைய இருக்கிறதாம், கொட்ட மனமில்லையாம்.

விஷயம் இதுதான். இந்த அக்கா பிறந்தபோது, சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா பெரிய டப்பா பிஸ்கட் வாங்கித் தொழிலாளர் லைன் வீடு எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறார். காலி டப்பா அக்காவுக்குக் கல்யாணமானபோது கூடவே வந்துவிட்டது. அக்கா பிறந்த வருஷம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் கணவர் பிறந்தது அறுபதாம் வருஷம், அது உறுதி. மனைவி தனக்கு இரண்டு வயது சின்னவள் என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக வீட்டில் எந்தப் பேச்சையும் "பெரியவன் சொல்றேன், கேளு" என்று முடித்துவிடுவாராம். டிவியில் எந்தச் சானல் என்பதிலிருந்து மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரைக்கும் அப்படித்தானாம்.

"நான் நெஜமாவே சின்னவளான்னு பாத்துச் சொல்லும்மா," என்றார் அக்கா. "பெரியவளா இருந்தா, இருக்குது அவருக்கு."

மூடியின் ஓரத்தில் எடை அச்சாகியிருந்தது. பவுண்டும் அவுன்சும்தான், கிராம் என்ற பேச்சே இல்லை. மூடியை மட்டும் பார்த்து வருஷம் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. நீங்கதான் பெரியவங்க, ரெண்டு வருஷமாவது இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அக்கா மூடியை முந்தானையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, வாங்க வந்த புளியை வாங்காமலேயே போய்விட்டார்.

அடுத்த மாதம் வந்தபோது ஆளே மாறியிருந்தார். ரிமோட் இப்போது அவர் கையிலாம். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மகள் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று இவரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறாராம். எதற்கெடுத்தாலும் "பெரியவங்க இன்னா சொல்றீங்க" என்கிறாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு மூடியை வைத்து ஒரு வீட்டில் ஆட்சியையே மாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து முழு டப்பாவையும் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

போனேன். அக்கா பருப்பை முறத்தில் கொட்டி, டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, டீ போட உள்ளே போனார். மூடியைத் திறந்தால் டப்பாவின் வாயைச் சுற்றி ஒரு துணிநாடா. மூடி ஆடாமல் இருக்கச் சுற்றியது. அப்புறம்தான் கவனித்தேன். மூடியில் இருந்த ரோஜா வேறு, டப்பாவில் இருந்த ரோஜா வேறு. டப்பாவைத் திருப்பினேன். எடை கிராமில் இருந்தது, கிராமில் மட்டும். மூடி வேறொரு பழைய டப்பாவினுடையது. அக்காவின் டப்பா அறுபதுக்குப் பிந்தையது, அக்கா சின்னவர்தான்.

எதிரே நாற்காலியில் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மூடி இந்த டப்பாவோடது இல்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டினார்.

"தெரியும்மா. அத்த மாத்துனதே நான்தான்."

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, அக்கா அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், அண்ணன் டப்பாவின் சொந்த மூடியில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு மாடு வந்து அதை மிதித்துவிட்டது. மாமனார் வாங்கிய டப்பா, தெரிந்தால் வீடு இரண்டுபடும். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் ஆண்டர்சன்பேட்டையில் பழைய சாமான் கடைக்குப் போய், ரோஜா போட்ட மூடியாகத் தேடி வாங்கி, நாடாவைச் சுற்றி வைத்துவிட்டார். நாடா எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, கீழே விழுந்து டப்பாவின் வாய் நசுங்கிவிட்டது என்றாராம்.

அப்படியென்றால் நான் சொன்னது தப்பு என்று அன்றைக்கே தெரிந்திருக்குமே, மாட்டிக்கொள்வோம் என்று பயந்தா வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"மொதல்ல பயம்தான்," என்றார். "அப்பறம் பாத்தேன். நாப்பது வருஷத்துல இவ இப்புடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லமா. எல்லாத்தையும் நானே பேசிக்கினு இருந்துட்டேன் போல. வுடும்மா, பெரியவளாவே இருக்கட்டும்."

அதற்குள் அக்கா மூன்று டம்ளர் டீயோடு வந்துவிட்டார். முதல் டம்ளரை அவரே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாமா, போட்டோ எடுத்துட்டியா? இன்னா சொல்லுது டப்பா?"

அண்ணன் குனிந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். நான் மூடியை டப்பாவின் மேல் வைத்து, நாடா வெளியே தெரியாமல் அழுத்தினேன்.

"சந்தேகமே இல்லக்கா," என்றேன். "நீங்கதான் பெரியவங்க."